கரகரப்பும் அண்ணன் இருமலும்

ஒரு மிளகாய்க் களத்தில் வேலை பார்த்த பெண்ணின் தொண்டையில் அண்ணன் தம்பி இருவர் குடியிருந்தார்கள். மூத்தவன் பெயர் இருமல். இளையவன் பெயர் கரகரப்பு.

களம் இராமநாதபுரத்துக்குப் போகும் சாலையோரம் இருந்தது. வெயில் காலம் வந்துவிட்டால் கண்ணுக்கு எட்டிய மட்டும் குண்டு மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். பெண்கள் குவியலைச் சுற்றி உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள், நல்லதையும் சோடையையும் பிரித்துப் போடுவார்கள். கை எரியும், கண் எரியும், நெடி தொண்டைக்குள் இறங்கிக் கமறும். அந்த நெடிக்குப் பிறந்த பிள்ளைகள்தான் இந்த இரண்டு பேரும்.

அந்தப் பெண்ணின் பெயர் முத்திருளாயி. களத்துக்கு முன்பாட்டுக்காரி. அவள் ஓர் அடி பாடினால் மற்றவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அப்படித் திருப்பிப் பாடுகிறவர்களில் கெட்டிக்காரி அவளுடைய நாத்தனார் பூமயில்.

களத்துப் பாட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. அடியின் கடைசியில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். அது இருமலுக்கு உரிய இடம். முன்பாட்டுக்காரிக்கு இருமல் வந்தால் அந்த இடத்தில் வந்துவிட்டுப் போக வேண்டும். வந்தவன் போகாமல் உட்கார்ந்துவிட்டால் மற்றவர்கள் உடனே அடுத்த அடியைத் தூக்கிக்கொள்ள வேண்டும். என்ன ஆனாலும் பாட்டு நிற்கக் கூடாது. நின்றால் ஒவ்வொருத்திக்கும் தன் தொண்டை ஞாபகத்துக்கு வந்துவிடும். ஒருத்தி இருமினால் மொத்தக் களமும் இருமும், அப்புறம் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான்.

இருமல் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடந்தான். ஊரே அவனைத் திட்டினாலும் ஆள் ஒழுங்கானவன். அடியின் நடுவில் ஒருநாளும் தலை காட்டியதில்லை. தன் இடம் வரும் வரை பொறுத்திருப்பான், வந்ததும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு ஒதுங்கிக்கொள்வான்.

கரகரப்புக்குப் பேரும் இல்லை, பழியும் இல்லை. முத்திருளாயி மகளைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அவன் இருப்பான், ஆட்டை விரட்டினாலும் இருப்பான், பாடினாலும் இருப்பான். தன்னை ஒரு பொருட்டாக அவனே நினைத்ததில்லை.

அந்த நினைப்பை அவனுக்கு ஊட்டிவிட்டது மைக்.

ஒரு சித்திரை மாதம் நளினா என்கிற பாடகி காரில் வந்து களத்தில் இறங்கினாள். பட்டணத்தில் பேர் பெற்றவள். சின்ன வயதிலிருந்து சங்கீதம் படித்தவள், குரலில் ஒரு பிசிறு கிடையாது. நாட்டுப்பாடல் மேல் அவளுக்கு நிஜமான ஆசை இருந்தது. அந்த ஆசையில் கலப்படம் இல்லை, அதை இங்கேயே சொல்லிவிடுவது நியாயம். ஆனால் அவள் நாட்டுப்பாடல் பாடினால் கேட்டவர்கள், "ரொம்ப நல்லா இருந்தது, ஆனா ஏசி ரூம்ல பாடின மாதிரி இருந்தது" என்றார்கள். அந்த 'ஆனா' அவளைப் பாடாய்ப் படுத்தியது.

அவள் சாக்கில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தன் மைக்கை முத்திருளாயியின் வாய்க்கு நேராக நிறுத்தினாள்.

மைக் கல்யாணத் தரகர்களைப் போலப் பேசக்கூடியது. முத்திருளாயி தண்ணீர் குடிக்க நிறுத்திய நேரம் பார்த்து அது கரகரப்பைக் கூப்பிட்டது.

"தம்பி, உன் பேர் என்ன?"

"கரகரப்பும்பாக."

"நான் எத்தனையோ தொண்டையைப் பார்த்தவன். மந்திரி தொண்டை, ஏலம் போடுறவர் தொண்டை, எல்லாம் பார்த்தாச்சு. உன்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததே இல்லை. நீதான்பா மண்ணின் குரல்!"

"நானா? நான் சும்மா ஓரமா உக்காந்திருக்கேங்க."

"அடக்கம் வேறயா? பாட்டுக்கு உயிரே நீதான். வார்த்தையை யார் வேணும்னாலும் மனப்பாடம் பண்ணலாம், மெட்டை யார் வேணும்னாலும் பிடிச்சுக்கலாம். உன்னைத்தான் ஒருத்தராலயும் பண்ண முடியாது. பேசாம பட்டணத்துக்கு வா. உன்னைக் கண்ணுல ஒத்திக்குவாங்க."

கரகரப்புக்குக் காது குளிர்ந்துவிட்டது. அண்ணன் பக்கம் திரும்பினான். "அண்ணே, நீயும் கிளம்பு. ரெண்டு பேருமாப் போவோம்."

மைக் பதறியது. "அவர் வேண்டாம். அவரை அங்க யாரும் கூப்பிடலை."

இருமலுக்கு முகம் சுண்டிவிட்டது. "ஏன்டா தம்பி, நாம ஒரு வயித்துல பொறந்தவுக. என்னைய விட்டுட்டு உன்னைய மட்டும் கூப்பிடுறாகன்னா, நம்ம குடும்பம் என்னன்னே அவுகளுக்குத் தெரியலைன்னுதானே அர்த்தம்?"

"உனக்குப் பொறாமைண்ணே. உன்னையப் பாத்தா எல்லாரும் மூஞ்சியத் திருப்பிக்கிடுறாக. என்னைய ஒரு பெரிய இடத்துல கேக்குறாக. பொறுக்கலை உனக்கு."

முத்திருளாயி மறுபடி பாடத் தொடங்கியபோது கரகரப்பு ஒரே தாவாகத் தாவி மைக்கின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். கார் கிளம்பியது.

மறுநாள் களத்தில் முன்பாட்டு எழுந்ததும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்ன மதினி, தொண்டைக்கு எண்ணெய் கிண்ணெய் போட்டீகளா?" என்றாள் பூமயில்.

"நான் என்னத்தப் போட்டேன்? அதுவாத்தான் எங்கிட்டோ போயிருச்சு" என்றாள் முத்திருளாயி.

இருமல் மட்டும் தன் இடத்துக்கு வருவதும் போவதுமாக அந்தக் கோடையை ஓட்டினான். ஐப்பசியில் மழை பிடித்தது. களத்தில் தண்ணீர் நின்றது, வத்தலெல்லாம் மூட்டையாகிக் கிட்டங்கிக்குள் அடைந்தது, நெடி அடங்கியது. இருமலுக்கு வேலை இல்லாமல் போயிற்று. சும்மா இருக்க இருக்கத் தம்பி நினைப்பாகவே இருந்தது. என்ன பேசியிருந்தாலும் கூடப் பிறந்தவன் ஆயிற்றே. பட்டணம் போகிற பஸ்ஸில் இருமலுக்கு யாரும் டிக்கெட் கேட்பதில்லை, ஆளுக்கு ஆள் தொற்றிக்கொண்டே போய்விடலாம். ஒருநாள் அவனும் கிளம்பிவிட்டான்.

அண்ணனும் தம்பியும் போன வீடு அமைதியாகிவிட்டது.

ஒரு காலையில் முத்திருளாயி அடிபம்பில் துணி அலசிக்கொண்டே தான் கட்டிய பாட்டைப் பாடினாள். கீழைக்காற்றைப் பார்த்துப் பாடுகிற பாட்டு அது. களத்தில் நெடி தாங்காத ஒரு மத்தியானம் தானாக வாயில் வந்தது.

*காத்தே கீழக்காத்தே, களத்து மேட்டுல நிக்காதே*
*நிக்காம நீ ஓடிப்போயி, மாடிச் சன்னலத் தட்டு*
*தட்டையில யார் கேட்டாலும், எம்பேரச் சொல்லாதே*
*சொல்லாட்டியும் அவுக கண்ணு, செவக்குமே காத்தே*

மாடி வீடு களத்து முதலாளியுடையது. அடிக்கு அடி கை கோத்துக்கொண்டு ஓடும்படிதான் அவள் அதை மனசுக்குள் கட்டியிருந்தாள். ஆனால் களத்தில் ஒருநாளும் அதை ஓடவிட முடிந்ததில்லை. 'நிக்காதே' என்றதும் நின்றாக வேண்டும், 'சொல்லாதே' என்றதும் நின்றாக வேண்டும். இருமலுக்கு இடம் விட வேண்டுமே.

அன்றைக்கு அடிபம்பில் அவள் நிற்கவில்லை. நிற்க வேண்டிய இடம் வந்தது, தொண்டை எதுவும் கேட்கவில்லை, மூச்சு பாட்டுக்கு இருந்தது. நான்கு அடியும் ஒரே ஓட்டமாக ஓடி முடிந்தன. முத்திருளாயி பாடியது யார் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு நின்று சிரித்தாள். களத்துக்குப் போவதற்கு முன்னால், சின்ன வயதில், அவளிடம் இருந்த குரல் அது. செத்துப்போயிருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

அந்த நாளிலிருந்து அவளுக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. நாலு பேர் உட்கார்ந்து கேட்க, அந்தப் பாட்டை ஒரு தடவை முழுசாகப் பாடிவிட வேண்டும். மாசியில் களம் திறந்துவிடும். அதற்குள் பாடிவிட வேண்டும்.

பட்டணத்தில் கரகரப்புக்கு ராஜ உபசாரம். மைக்கிலிருந்து இறங்கி அவன் குடியேறிய நளினாவின் தொண்டை குளுகுளுவென்று இருந்தது. அங்கே ஏற்கெனவே தெளிவு என்று ஒருத்தி குடியிருந்தாள். கரகரப்பு வந்த நாளிலிருந்து அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"நான் இங்க சின்ன வயசுலேர்ந்து இருக்கேன்" என்றாள் தெளிவு. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "விடியற்காலையில எழுந்து சாதகம் பண்ணி வளர்த்தாங்க என்னை. இப்ப வெளியில வராதேங்கறாங்க."

"மண் வாசனை இல்லையாமுல்ல உங்கிட்ட" என்றான் கரகரப்பு பெருமையாக.

"உங்க ஊர்ல அந்த அம்மா தொண்டையில என்னை மாதிரி யாரும் இருந்ததே இல்லையா?"

கரகரப்பு கொஞ்சம் யோசித்தான். "இருந்தா. நானும் அண்ணனும் போனப்ப, பாவம், மூலையில ஒண்டிக்கிட்டா. அப்புறம் என்ன ஆனான்னு நாங்க கேட்டுக்கிடலை."

மேடையில் அவனுக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லி மாளாது. நளினா அவனை வைத்துக்கொண்டு, களத்தில் பதிந்துகொண்டு வந்த கீழக்காத்துப் பாட்டின் முதல் அடியைப் பாடியதும் சபை உச்சுக்கொட்டியது. முத்திருளாயி எங்கெங்கே இடைவெளி விட்டாளோ அங்கெல்லாம் நளினாவும் பயபக்தியோடு விட்டாள். அந்த இடம் வந்தால் சபையே மூச்சைப் பிடித்துக்கொண்டது. 'பாட்டாளி மக்களின் மௌன முத்திரை' என்று ஒரு விமர்சகர் அதற்குப் பெயர் வைத்தார். ஆதிமனிதனின் மூச்சுக்கணக்கு என்று இன்னொருவர் மறுத்து எழுதினார். இருமல் உட்கார்ந்து எழுந்த வெறும் இடத்துக்கு ஆளாளுக்கு மாலை போட்டார்கள்.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. நளினாவின் வீட்டில் தேன் கொடுத்தார்கள், பனங்கற்கண்டு போட்ட பால் கொடுத்தார்கள், வெந்நீர் கொடுத்தார்கள். நெடிக்குப் பிறந்தவன் தேனில் எப்படித் தரிப்பான்? கரகரப்பு நாளுக்கு நாள் இளைத்தான். நளினா பயந்துபோய் ஒரு வழி கண்டுபிடித்தாள். கச்சேரிக்கு முன்னால் சமையலறையில் வத்தல் வறுக்கச் சொல்வாள். வாசற்படி வரை வந்து நின்று, மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்துவிட்டு, கொஞ்சமாக நெடி பிடித்துக்கொண்டு போய்விடுவாள்.

வறுக்கிறவள் சமையல்காரி எஸ்தர். அவளுக்கு வாசற்படியில் நிற்கிற வசதி இல்லை. சட்டியின் மேலேயே குனிந்து நின்று லொக் லொக்கென்று இருமுவாள்.

"எஸ்தர், கதவைச் சாத்திக்கோ. பிராக்டீஸ் பண்றேன் இல்லையா?" என்பாள் நளினா.

பட்டணம் வந்து சேர்ந்த இருமல் தம்பியைத் தேடி அலைந்து, கடைசியில் இந்த எஸ்தரின் தொண்டையில்தான் வந்து தங்கினான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டதுமே கரகரப்புக்குத் தெரிந்துவிட்டது.

"யாரது, உன் சாயல்ல இருக்கே?" என்றாள் தெளிவு.

"எனக்குத் தெரியாது" என்றான் கரகரப்பு.

சொல்லிவிட்டானே ஒழிய அன்று முழுக்க அவனுக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை.

மார்கழியில் ஒரு பெரிய சபா நளினாவின் களத்துப்பாட்டுக் கச்சேரிக்கு ஏற்பாடு செய்தது. பாட்டு பிறந்த இடத்திலிருந்து ஒருத்தி முதலில் ஒரு பாட்டுப் பாடினால் நன்றாக இருக்கும் என்று நளினாவே சொன்னாள். முத்திருளாயிக்கு ஆள் போனது. அவள் இதை எதிர்பார்த்துக் காத்திருந்தவள் மாதிரி பூமயிலையும் அழைத்துக்கொண்டு கிளம்பி வந்தாள்.

மத்தியானம் ஒத்திகை. சபாவின் செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நளினா. முத்திருளாயி மேடையேறி, மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, காத்தே கீழக்காத்தே என்று எடுத்தாள்.

குரல் ஊற்றுத் தண்ணீர் மாதிரி வந்தது.

செயலாளரின் முகம் மாறியது. இரண்டாவது அடியிலேயே கையைத் தூக்கிவிட்டார்.

"அம்மா, நீங்க நிஜமாவே மிளகாய்க் களத்துலதான் வேலை பாக்கறீங்களா?"

"ஆமாங்கய்யா. வெவரம் தெரிஞ்ச நாளா அங்கதான்."

"குரல்ல அது தெரியலையே. கொஞ்சம் பட்டை தீட்டின மாதிரி இருக்கு. அந்த மண்ணு, அந்தப் புழுதி, அதெல்லாம் எங்க?"

"மழைக்காலமுங்கய்யா. இப்பத்தான் தொண்டை சும்மா கெடக்கு."

"அப்புறம், ஒவ்வொரு அடிக்கும் முடிவுல ஒரு மௌனம் வரணுமே. நீங்க விடாம ஓடறீங்க. அதுதாம்மா பாட்டுக்கே உயிர்."

"இது ஓடுற பாட்டுங்கய்யா. நான் கட்டுனப்பவே அப்பிடித்தான் கட்டுனேன்."

"நீங்க கட்டினதா இருக்கலாம்மா. ஆனா அசல் இது இல்லை." செயலாளர் பொறுமையாகவே சொன்னார். கைபேசியில் நளினா பாடியதைப் போட்டுக் காட்டினார். "இதோ பாருங்க. இப்படி இருக்கணும்."

முத்திருளாயி கேட்டாள். அவளுக்கு அந்தக் கரகரப்பைத் தெரிந்தது. தன் வீட்டுப் பாத்திரத்தை அடுத்த வீட்டு விசேஷத்தில் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு தடவைங்கய்யா. நாலடியும் சேத்துப் பாடிட்டு எறங்கிடுறேன். எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

"வர்றவங்க பெரிய ரசிகர்கள். ஏமாந்துடுவாங்க. நீங்க மூணாவது வரிசையில உக்காருங்க, முடிஞ்சதும் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்தறோம்."

நளினா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். முத்திருளாயியின் குரல் எழுந்தபோதே, தன் பின்கட்டில் யாரோ எழுந்து உட்கார்ந்ததை அவள் உணர்ந்தாள். வாயைத் திறந்திருக்கலாம். ராத்திரிக் கச்சேரியை நினைத்துத் திறக்காமல் இருந்துவிட்டாள்.

வீட்டுக்குப் போனதும் எஸ்தரிடம், இன்றைக்கு வத்தலைக் கூடப் போட்டு வறுக்கச் சொன்னாள். பெரிய கச்சேரி அல்லவா? வாசற்படியைத் தாண்டி உள்ளே போய், சட்டிக்குப் பக்கத்திலேயே நின்றாள். கதவு சாத்தியிருந்தது.

இருமலுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. எஸ்தரிடம் சொல்லிக்கொண்டு நளினாவின் தொண்டைக்குத் தாவினான்.

சாயங்காலம் சபை நிரம்பி வழிந்தது. முத்திருளாயியும் பூமயிலும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தான் அழுதால் பூமயிலும் அழுவாள் என்று முத்திருளாயி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நளினா காத்தே கீழக்காத்தே என்று தொடங்கினாள். கரகரப்பு என்றைக்கும் இல்லாத மாதிரி கம்பீரமாக எழுந்தான். களத்து மேட்டுல நிக்காதே என்று அடி முடிந்தது. இடைவெளி வந்தது. சபை மூச்சைப் பிடித்தது.

காலியாக இருந்த அந்த இடத்தைப் பார்த்ததும் இருமல் உருகிப்போனான். இத்தனை தூரம் வந்தும் தம்பி தன் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையே!

"தம்பி!" என்று கூப்பிட்டுக்கொண்டு அதில் போய் உட்கார்ந்தான்.

நளினா இருமினாள்.

அது சரியாக அந்த இடத்தில் வந்ததால் பலர் அதையும் பாட்டு என்றே நினைத்தார்கள். நான்காவது வரிசையில் ஒருவர் "பலே!" என்றார்.

"அண்ணே, இங்க ஏன் வந்தே? போண்ணே, மானம் போகுது" என்று கெஞ்சினான் கரகரப்பு.

"உன்னையப் பாக்காம இருக்க முடியலைடா. எப்பிடி எளைச்சுப் போனே!"

ஒழுங்கான ஆள்தான் இருமல். ஆனால் பாசம் வந்தால் எந்த ஒழுங்கு நிற்கும்? தம்பியைக் கட்டிக்கொண்டு குலுங்கினான். நளினாவுக்கு இருமல் நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு கையால் மார்பைப் பிடித்துக்கொண்டாள். வயலின்காரர் வில்லை இறக்கிவிட்டார். தண்ணீர் கொண்டுவர ஓடினார்கள். பாட்டு நின்றது.

பாட்டு நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அந்தச் சபையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவர்கள் யோசிக்கக்கூட இல்லை. முன்பாட்டுக்காரி இருமுகிறாள், அடி கீழே கிடக்கிறது. வேண்டியவளா, வேண்டாதவளா, மத்தியானம் வாயைத் திறக்காதவளா என்றெல்லாம் களத்தில் பார்ப்பது வழக்கமில்லை.

"நிக்காம நீ ஓடிப்போயி" என்று எடுத்தாள் பூமயில்.

முத்திருளாயி எழுந்து நின்று அதை வாங்கினாள். வாங்கியவள் மாடிச் சன்னலைத் தட்டிய இடத்தில் நிற்கவில்லை. யார் கேட்டாலும் பேரைச் சொல்லாதே என்ற இடத்திலும் நிற்கவில்லை. சொல்லாவிட்டாலும் அவர்கள் கண் சிவக்கும் என்று போய், திரும்பவும் முதலிலிருந்து காற்றைக் கூப்பிட்டு, மறுபடி நான்கு அடியையும் ஒரே மூச்சில் ஓடவிட்டாள். மைக் எதுவும் அவள் பக்கத்தில் இல்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

முடிந்ததும் கைதட்டலாமா வேண்டாமா என்று சிலர் செயலாளரின் முகத்தைப் பார்த்தார்கள். அவருக்கும் தெரியவில்லை.

மேடையில் நளினாவுக்கு ஒரு பெரிய இருமலோடு தொண்டை திறந்துகொண்டது. அண்ணனும் தம்பியும் வெளியே வந்து விழுந்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மைக்கைக் கையால் ஒதுக்கினாள். முத்திருளாயி மூன்றாம் தரம் காற்றைக் கூப்பிட்டபோது, நளினா அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடினாள். பின்கட்டிலிருந்து ஓடிவந்த தெளிவுதான் பாடினாள். ஒருத்தி முன்பாட்டு, ஒருத்தி பின்பாட்டு. குரல் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

மறுநாள் பத்திரிகையில் நளினாவின் இருமலைப் பாராட்டி ஒரு பத்தி வந்தது. களத்தின் வேதனையை அத்தனை அசலாக இதுவரை யாரும் மேடையில் நிகழ்த்தியதில்லையாம். மூன்றாவது வரிசைப் பாட்டு, கொஞ்சம் மெருகு கூடிப்போன குறுக்கீடு என்று எழுதியிருந்தார்கள்.

பூமயில் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்தாள். இரண்டு பேரும் காலைப் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்தார்கள். முத்திருளாயி வாய்க்குள்ளேயே பாட்டை முனகிக்கொண்டு வந்தாள். முகம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது.

அண்ணனும் தம்பியும் அதே பஸ்ஸில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். இருமல் பின்னால் நின்றுவிட்டான். கரகரப்பு மெதுவாக அவள் பக்கத்தில் வந்தான்.

"ஆத்தா."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நான் இல்லாட்டி பாட்டே இல்லைன்னு அந்த மைக் சொல்லுச்சு. நானும் நம்பிட்டேன். நேத்து நான் இல்லாமத்தான் நீ பாடுனே. அது நல்லாவும் இருந்துச்சு." தலையைத் தொங்கப்போட்டான். "உன்னைய விட்டுட்டுப் போனது தப்புத்தான். கோவிச்சுக்கிடாத ஆத்தா. இனிமே நீ போன்னாத்தான் போவேன், வான்னாத்தான் வருவேன்."

முத்திருளாயிக்கு அவன்மேல் கோபம் ஒன்றும் இல்லை. கூடவே கிடந்தவன், அவளோடு வெயிலில் காய்ந்தவன். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

"நீ வர்றதும் போறதும் என் கையில இருந்திருந்தா, நீ பொறந்திருக்கவே மாட்டியேப்பா" என்றாள்.